முட்டி மாத்தியாச்சு, நடையை எப்ப மாத்தப் போறீங்க?

முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களைப் பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எவ்ளோ மடங்குது?"ங்கறதுதான். 90 டிகிரி வந்துருச்சா, 100 வந்துருச்சா, பக்கத்து ஊர்ல ஒருத்தருக்கு 120 வந்துருச்சாமேன்னு அந்தக் கணக்குலயே நாள் ஓடிரும். நடை எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம்னு இந்தப் பக்கம் வீடு வீடா போய் பிசியோ, அதாவது உடற்பயிற்சி சிகிச்சை, பாக்குறது என் வேலை, அதனால சொல்றேன், ஆபரேஷன் நல்லா அமைஞ்சு, தையல் நல்லா ஆறி, முட்டியும் நல்லா மடங்கி, ஆனா 1 வருஷம் கழிச்சும் பழைய மாதிரியே சாஞ்சு சாஞ்சு நடக்குறவங்க நிறைய பேரு இருக்காங்க. வலி போயிருச்சுன்னு சந்தோஷமாத்தான் இருக்காங்க, ஆனா அந்த நடையால பாரம் எல்லாம் இன்னொரு முட்டி மேலயும் இடுப்பு மேலயும் விழுந்துகிட்டே இருக்கு.

காரணம் சிம்பிள். டாக்டர் தேஞ்சு போன மூட்டை எடுத்துட்டு புதுசு வெச்சுட்டாரு. ஆனா அந்த வலிக்குப் பயந்து நீங்க 5 வருஷம் 10 வருஷம் தாங்கித் தாங்கி நடந்து பழகுனீங்க பாருங்க, அந்தப் பழக்கத்தை ஆபரேஷன் தியேட்டர்ல எடுக்க முடியாது. அது உங்க மூளையில இருக்கு, இடுப்புல இருக்கு, முதுகுல இருக்கு. அதை நீங்கதான் வேணும்னே உக்காந்து மாத்தணும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இங்க சொல்றது சாதாரணமா நடக்குற முழு முட்டி மாற்று ஆபரேஷனுக்கு. எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் பண்ணவங்க, ரெண்டாவது தடவையா மூட்டை மாத்துனவங்க, "காலை முழுசா ஊனக் கூடாது"ன்னு டாக்டர் சொல்லி அனுப்புனவங்க, அவங்க டாக்டர் சொன்னதைத்தான் கேக்கணும், இதை இல்ல.

நல்ல நடைன்னா என்ன

நல்ல முட்டி உள்ள ஒருத்தர் நடக்குறதை பக்கவாட்டுல நின்னு கவனிச்சுப் பாருங்க. கால் முன்னாடி போய் விழும்போது முட்டி கிட்டத்தட்ட நேரா இருக்கும், முதல்ல குதிகால் தரையைத் தொடும். பாரம் ஏறும்போது முட்டி லேசா, ஒரு 15, 20 டிகிரி மடங்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கும். அப்புறம் மறுபடி நேராகும், உடம்பு அந்தக் கால் மேல ஏறித் தாண்டிப் போகும். கடைசியா குதிகால் எழும்பி, கட்டை விரல் தரையைத் தள்ளி விடும், கால் காத்துல போறப்ப முட்டி சுமார் 60 டிகிரி மடங்கும். அவ்ளோதான்.

அப்ப சமதளத்துல நடக்கிறதுக்கு 60, 70 டிகிரி மடங்குனாலே போதும், படி ஏறி இறங்க 90 பக்கம் வேணும், சேர்ல இருந்து கையை ஊனாம எந்திரிக்க இன்னும் கொஞ்சம் வேணும். மடங்குறது நிறைய பேருக்கு வந்துரும். வராம கிடக்கிறது முழுசா நீட்டுறது. எனக்குக் கேட்டா, முதல் 6 வாரத்துல மடக்குறதைவிட நீட்டுறதுக்குத்தான் அதிகமா கவலைப்படணும்னு சொல்வேன். முட்டி 10 டிகிரி மடங்குனபடியே நின்னுச்சுன்னா குதிகால் முதல்ல விழவே விழாது, பாதம் தட்டையா "டப்"னு விழும், தொடைத் தசை நாள் முழுக்க உங்களைத் தூக்கிப் பிடிச்சுகிட்டே இருக்கணும், சாயங்காலம் ஆனா தொடை கடுகடுன்னு வலிக்கும், அந்தக் கால் குட்டையான மாதிரி ஆகி இடுப்பு சாயும். எல்லாக் கோணலும் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது.

முதல் ரெண்டு வாரம்: நீட்டுங்க

நம்ம வீடுகள்ல பாசத்துல பண்ற ஒரு காரியம் இருக்கு, முட்டிக்கு அடியில தலகாணி வெக்கிறது. வெச்சா சுகமாத்தான் இருக்கும், ஏன்னா மடங்குன முட்டிக்குள்ள அழுத்தம் குறையும். ஆனா ராத்திரி பூரா அப்படியே தூங்குனா முட்டி அந்த மடக்குலயே இறுகிப் போயிரும். தலகாணியை எடுத்துருங்க. அதுக்குப் பதிலா ஒரு துண்டை உருட்டி குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டிக்குக் கீழ காலியா இருக்கட்டும், அதோட பாரத்துல அதுவே கீழ இறங்கும். 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு 10 நிமிஷம் வரைக்கும், ஒரு நாளைக்கு 3, 4 தடவை. இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும், அது இருக்கட்டும், தாங்க முடியாத வலின்னா எடுத்துருங்க.

நீட்டம் வருதான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, கூட இருக்கிற யாராவது செய்யலாம். கட்டில்ல காலை நீட்டிப் படுக்க வெச்சு முட்டிக்கு அடியில கையை விடுங்க. "என் கையை நசுக்கு"ன்னு சொல்லுங்க. முட்டி கீழ இறங்கி உங்க விரலை மெத்தையோட அழுத்துனா நல்லது. கை ஃப்ரீயா வந்து போனா இன்னும் வேலை இருக்குன்னு அர்த்தம். அந்த நசுக்கறதே ஒரு பயிற்சிதான், 5 செகண்ட் அழுத்தி விட்டு, 10 தடவை, விழிச்சிருக்கிற நேரத்துல மணிக்கு ஒரு தடவை பண்ணாலும் தப்பில்ல.

ஆரம்பத்துல சிலர் "தொடைக்கு என்ன சொன்னாலும் கேக்க மாட்டேங்குது"ன்னு பயந்துருவாங்க. பயப்பட வேண்டாம். முட்டில வீக்கம் இருக்கிற வரைக்கும் தொடையோட முன்பக்கத் தசைக்கு மூளையில இருந்து போற உத்தரவு குறைஞ்சுரும், ஃபியூஸ் புடுங்குன மாதிரி. முதல் மாசத்துல அந்தத் தசையோட பலம் ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததுல பாதிக்கும் கீழ போறது சாதாரணம். அதனாலதான் ஐஸ் வெக்கச் சொல்றது, கால தூக்கி வெக்கச் சொல்றது, எல்லாம் வீக்கம் இறங்க. துண்டு சுத்துன ஐஸ் பேக் 15, 20 நிமிஷம், நேரா தோல்ல வைக்காதீங்க. கால தூக்கி வெக்கிறப்ப முட்டிக்கு அடியில வெக்காம கெண்டைக்கால்ல இருந்து குதிகால் வரைக்கும் தலகாணி வரணும். பாதத்தை மேல கீழ ஆட்டுறது, காலை மடக்காம ஒரு அடி தூக்கி இறக்குறது, குதிகாலைப் பெட்ல இழுத்து முட்டியை மடக்குறது, இதெல்லாம் ஆஸ்பத்திரிலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க, விடாம பண்ணுங்க. டாக்டர் எழுதுன வலி மாத்திரையை பயிற்சிக்கு அரை மணி, முக்கா மணி முன்னாடி வர்ற மாதிரி போட்டுக்கலாமான்னு கேட்டுக்கோங்க, வலியைப் பொறுத்துகிட்டு பல்லைக் கடிச்சு நடந்தா நடை கோணிக்கும்.

எண்ணெய் போட்டு நீவி விடறது, பத்து போட்டுக் கட்டறது, யாரோ ஒரு வைத்தியர் வந்து அழுத்தி மடக்குறது, தயவு செஞ்சு வேண்டாம்.

வாக்கர்ல நடக்கறப்பவே சரியா நடங்க

வாக்கர் தானேன்னு எப்படியோ நடந்துட்டு, குச்சி வந்தப்புறம் நடையைப் பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க. முதல் நாள் வெக்கிற அடியிலயே பழக்கம் உருவாகும்.

வாக்கர் உயரம்: நேரா நின்னு கையைத் தொங்க விட்டா மணிக்கட்டு வர்ற இடத்துல கைப்பிடி இருக்கணும், பிடிச்சா முழங்கை லேசா மடங்கணும். இரவல் வாங்குன வாக்கரை அப்படியே ஓட்டுறாங்க, முன்னாடி ஓட்டுனவரு குட்டையா இருந்தா நீங்க கூனிகிட்டுதான் நடக்கணும். கால்ல இருக்கிற பட்டனை அமுக்கி ஏத்தி இறக்குங்க, 1 நிமிஷ வேலை. அடியில ரப்பர் புஷ் தேஞ்சிருந்தா மாத்துங்க, டைல்ஸ்ல வழுக்கும்.

வாக்கர் முதல்ல, அப்புறம் ஆபரேஷன் பண்ண கால், அப்புறம் நல்ல கால். ஆபரேஷன் கால் குதிகால்ல விழணும். கீழ பாக்காம எதிர்ல இருக்கிற சுவரைப் பாருங்க, கீழ பாத்தா இடுப்பு மடங்கும், இடுப்பு மடங்குனா முட்டியும் மடங்கும்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயம். எல்லாரும் ஆபரேஷன் பண்ண காலையே பாத்துகிட்டு இருப்பாங்க, ஆனா தப்பு தெரியறது நல்ல கால்ல. கவனிங்க. ஆபரேஷன் கால் மேல பாரம் போடப் பயந்துகிட்டு நல்ல காலை அவசர அவசரமா கொண்டு வந்து பக்கத்துல வெச்சுருவாங்க. அதாவது ஆபரேஷன் கால் பெரிய அடி வெக்கும், நல்ல கால் வந்து அதுக்கு ஜோடியா நின்னுக்கும், தாண்டாது. அதுதான் விந்தி நடக்குறது. முதல் சில நாள் அப்படி வெக்கிறது சரி, பாதுகாப்பு. ஆனா ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் தைரியம் வந்ததும், நல்ல காலை ஆபரேஷன் காலைத் தாண்டி வெக்கப் பழகணும். நல்ல கால் நீளமா அடி வெக்கணும்னா ஆபரேஷன் கால் அவ்ளோ நேரம் தனியா நின்னாகணும், நேராகணும், இடுப்பு அது மேல ஏறி வரணும். எல்லாம் தானா நடக்கும். அதனால நடக்கறப்ப "ஆபரேஷன் காலை நல்லா வை"ன்னு சொல்லாதீங்க, "நல்ல காலைத் தாண்டி வை"ன்னு சொல்லிக் குடுங்க. காரிமங்கலம் பக்கம் ஒரு அம்மாவுக்கு பல நாளா வராத நடை இந்த ஒரு வார்த்தையில வந்துச்சு, அவங்க மருமக பின்னாடியே "தாண்டு அத்த, தாண்டு அத்த"ன்னு சொல்லிகிட்டே வரும், அவங்களும் திட்டிகிட்டே தாண்டுவாங்க.

கண்ணாடி, கோலமாவு, காது

நடையை மாத்தணும்னா முதல்ல அது எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியணும். பழகிப்போன கோணல் உங்களுக்கு நேராத்தான் தோணும். அதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம், வீட்ல இருக்கிறதே போதும்.

பீரோ கண்ணாடிக்கு எதிர்ல நில்லுங்க. ரெண்டு தோளும் ஒரே மட்டமா? சேலைக் கரை, வேட்டிக் கரை ஒரு பக்கம் ஏறியிருக்கா? ரெண்டு கால்லயும் சமமா பாரம் போட்டிருக்கேன்னு நினைச்சு நிக்கறப்ப ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெயிட் மெஷின் மேல நிக்க வெச்சுப் பாத்தா பல பேருக்கு நல்ல கால் பக்கம்தான் நிறைய கிலோ காட்டும். ரெண்டு மெஷின் கிடைக்கலன்னா பரவால்ல, மேடை ஓரமா லேசா பிடிச்சுகிட்டு பாரத்தை மெதுவா ஆபரேஷன் கால் பக்கம் மாத்தி 5 செகண்ட் நின்னு திரும்பி வாங்க. தலை சாயக் கூடாது, இடுப்புதான் நகரணும். இதை செஞ்சு பழகாம நடையில பாரம் போடச் சொன்னா மூளை ஒத்துக்காது.

அப்புறம் வாசல்ல இல்லாட்டி நீளமான ஹால்ல கோலமாவுல குறுக்குக் கோடு போடுங்க, ஒண்ணே கால் அடிக்கு ஒரு கோடு, 8, 10 கோடு. கோட்டுக்கு ஒரு அடி. ரெண்டு காலும் அதே அளவு வந்தாகணும், ஏமாத்த முடியாது. நல்லா வந்ததும் ஒன்றரை அடியாக்குங்க. தூளா கிடந்தா வழுக்கும், அதனால டைல்ஸ்ல போடாதீங்க, டைல்ஸ்னா அதோட கோட்டையே பாத்துக்கலாம் இல்லன்னா டேப் ஒட்டிக்கலாம்.

காதுலயும் கேளுங்க. செருப்பு போட்டு சிமெண்ட் தரையில நடக்க விட்டு, கூட இருக்கிறவங்க கண்ணை மூடிகிட்டு சத்தத்தைக் கேக்கணும். டக்... டக்... டக்னு ஒரே இடைவெளியில வந்தா நல்ல நடை. டக்-டக்... டக்-டக்னு ஜோடி ஜோடியா வந்தா ஒரு கால்ல கம்மி நேரம் நிக்கிறாங்க. "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு"ன்னு வாய்விட்டு எண்ணிகிட்டே நடந்தாலே பாதி சரியாகும்.

போன்ல வீடியோ எடுங்க, வாரத்துக்கு ஒண்ணு, பக்கவாட்டுல இருந்து ஒண்ணு பின்னாடி இருந்து ஒண்ணு, பாதம் தெரியணும், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கச் சொல்லுங்க. ஸ்லோ மோஷன்ல போட்டு நாலு விஷயம் பாருங்க: குதிகால் முதல்ல விழுதா, கால் காத்துல போறப்ப முட்டி மடங்குதா இல்ல காலைக் கட்டை மாதிரி வெச்சுகிட்டு வெளிப்பக்கமா சுத்தி வீசுறாங்களா, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடுறாங்களா, உடம்பு ஒரு பக்கம் சாயுதா. கால சுத்தி வீசுனாலும் இடுப்பைத் தூக்குனாலும் முட்டியை மடக்கப் பயப்படறாங்கன்னுதான் பெரும்பாலும் அர்த்தம். அதுக்கு, மேடையைப் பிடிச்சுகிட்டு நின்ன இடத்துலயே முட்டியைத் தூக்கித் தூக்கி மார்ச் பண்ணணும், தரையில ஒரு சின்னத் துணிச்சுருளை வெச்சுட்டு அதைத் தாண்டி காலை வெக்கணும். உடம்பு சாஞ்சா இடுப்போட பக்கத்துத் தசை வீக், அதுக்கு நின்னுகிட்டு காலைப் பக்கவாட்டுல தூக்கறது, மேடையைப் பிடிச்சுகிட்டு பக்கவாட்டுல நண்டு நடை நடக்கறது. மேடையைப் பிடிச்சுகிட்டு பின்னோக்கி நடக்கறதும் நல்லது, அதுல முட்டி நீட்டியே ஆகணும்.

பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுருங்க. எடுத்துத் திருப்பிப் பாருங்க, ஒரு செருப்போட வெளி ஓரம் மட்டும் சாஞ்சு தேஞ்சிருக்கும், கால் வில்லா வளைஞ்சிருந்தப்ப தேஞ்சது. இப்ப கால் நேராயிருச்சு, அந்தக் கோணல் செருப்பைப் போட்டா மறுபடி அந்தக் கோணலுக்கே இழுக்கும். பின்னாடி பட்டி வெச்ச, அடி கெட்டியான செருப்பு வாங்குங்க.

கால் நீளமான மாதிரி இருக்குன்னு சொல்றவங்க இருக்காங்க. வளைஞ்ச கால் நேரானதால அப்படித் தோணும், இன்னொரு முட்டி இன்னும் மடங்கியே இருந்தாலும் தோணும். பெரும்பாலும் சில மாசத்துல பழகிரும். அவசரப்பட்டு குதிகால்ல கட்டை வெச்ச செருப்பு தைக்காதீங்க, டாக்டர் அளந்து சொன்னா மட்டும்.

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வர்றதுக்கு முன்னாடி பல ஊர்ல அதைத்தான் பல வருஷமா குடிச்சாங்க. அது பல்லுல கறையோட நிக்காது, வருஷக்கணக்கா உடம்புல சேந்தா முதுகெலும்பையும் மூட்டுகளையும் இறுக்கும். அதனால வயசானவங்களுக்கு முட்டி சரியானப்புறமும் நடை வரலன்னா முட்டியையே போட்டு உருட்டாதீங்க, இடுப்பு பின்னாடி போகுதா, முதுகு நிமிருதான்னு பாக்கச் சொல்லுங்க. அதேபோல புளி உடைக்கிறது, பூ கட்டறதுன்னு வருஷக்கணக்கா சம்மணம் போட்டே வேலை பாத்தவங்களுக்கு இடுப்போட முன்பக்கம் இறுகியிருக்கும். கட்டில்ல குப்புறப் படுக்க முடிஞ்சா (தையல் ஆறுனப்புறம், டாக்டர் கிட்ட கேட்டுட்டு) ஒரு 5, 10 நிமிஷம் படுங்க, இடுப்பும் நீளும் முட்டியும் நீளும்.

குச்சி எந்தக் கையில

நல்ல கால் பக்கத்துக் கையில. வலது முட்டி ஆபரேஷன்னா இடது கையில. எத்தனை வீட்ல சொன்னாலும் அடுத்த தடவை போறப்ப வலி இருக்கிற பக்கமே பிடிச்சுகிட்டு உடம்பை அந்தப் பக்கமே சாச்சுகிட்டு நிப்பாங்க. குச்சியும் ஆபரேஷன் காலும் ஒண்ணா முன்னாடி போகணும், பாரத்தை ரெண்டும் பங்கு போட்டுக்கும், உடம்பு நேரா நிக்கும். அதே பக்கம் பிடிச்சா பங்கு போடாது, சாயத்தான் வெக்கும்.

வாக்கரை எப்ப விடலாம், குச்சியை எப்ப விடலாம்னு தேதி பாக்காதீங்க. பொதுவா 3ல இருந்து 6 வாரத்துக்குள்ள குச்சிக்கு வருவாங்க, ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் மாறும். காலை மடங்காம நேரா தூக்க முடியுதா, மேடை மேல விரலை மட்டும் வெச்சுகிட்டு ஆபரேஷன் கால்ல சில செகண்ட் தனியா நிக்க முடியுதா, குச்சியோட நடந்தா விந்தாம வருதா, அப்ப வாக்கரை விடுங்க. குச்சி இல்லாம விந்துனா குச்சிக்குத் திரும்புங்க. கல்யாண வீட்டுக்குக் குச்சியோட போக கூச்சப்பட்டு வீட்லயே விட்டுட்டுப் போய் விந்தி விந்தி நடந்துட்டு வர்றவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்காது. விந்தி நடக்கிற ஒவ்வொரு அடியும் பழைய பழக்கத்துக்குத் தண்ணி ஊத்துறதுதான். "எங்க மாமா பத்தாவது நாளே குச்சியைத் தூக்கிப் போட்டாரு"ன்னு வந்து சொல்றவங்களுக்கு காபி குடுத்து அனுப்புங்க.

ஒரேயடியா ஒரு மணி நேரம் நடக்காதீங்க. 5 நிமிஷம் நல்ல நடை, உக்காருங்க, மறுபடி 5 நிமிஷம். களைச்சுப் போனா கோணல் திரும்ப வந்துரும், அந்த நிமிஷம் நிறுத்திரணும். அன்னைக்கு பண்ணதுல வந்த வலியும் வீக்கமும் மறுநாள் காலையிலயும் அப்படியே இருந்தா கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சுன்னு அர்த்தம், அடுத்த நாள் குறைச்சுக்கோங்க, சுத்தமா நிறுத்தாதீங்க.

படி, பஸ், வரப்பு

படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. டவுன் பஸ்லயும் அதேதான், கம்பியை நல்லாப் பிடிச்சு, ஆனா அந்த முதல் படி ரொம்ப உயரம், அவசரப்படாதீங்க, கண்டக்டர் கிட்ட சொல்லிட்டு ஏறுங்க. தொடை பலம் வந்தப்புறம் ஒத்தைப் படியில ஏறி இறங்கிப் பழகுங்க, முதல்ல 4 இஞ்ச் உயரத்துல ஆடாத பலகை, அப்புறம் சாதாரண படி. படியை மாத்தி மாத்தி ஏறுறது பெரும்பாலும் 2, 3 மாசத்துக்கு மேலதான் வரும். இறங்குறது ஏறுறதைவிட கஷ்டம், கடைசியாத்தான் வரும்.

சேர்ல இருந்து எந்திரிக்கறப்ப ஆபரேஷன் காலை முன்னாடி நீட்டி வெச்சுகிட்டு நல்ல கால்ல மட்டும் எந்திரிக்கிறது எல்லாரும் பண்றது. ரெண்டு பாதத்தையும் சமமா பின்னாடி இழுத்து வெச்சு எந்திரிங்க, உயரமான சேர்ல ஆரம்பிச்சு உயரத்தைக் குறைச்சுகிட்டே வாங்க. நடைக்குத் தேவையான பலம் ஜிம்முல இல்ல, இதுலதான் இருக்கு. தரையில உக்காந்து சாப்பிடறது, குத்த வெச்சு உக்கார்றது, இந்தியன் டாய்லெட் எல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்ல ஆபரேஷனுக்கு முன்னாடியே கமோட் சேர் வாங்கி வெச்சுருங்க.

சேலத்துலயோ பெங்களூர்லயோ ஆபரேஷன் பண்ணிட்டு கார்ல வர்றவங்க முன் சீட்டைப் பின்னாடி தள்ளி காலை நீட்டிக்கோங்க, முக்கா மணிக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நாலு அடி நடங்க, வழியெல்லாம் பாதத்தை ஆட்டிகிட்டே வாங்க. டூவீலர் ஓட்டறது, பின்னாடி ஒரு பக்கமா உக்காந்து போறது, குறைஞ்சது 6 வாரம் ஆகட்டும், டாக்டர் சொல்லட்டும்.

தோட்டத்துக்குப் போகணும்னு துடிக்கறவங்களுக்கு: வீடு, சமமான ரோடு, சரிவு, மண் ரோடு, கடைசியா வரப்பு. இந்த வரிசையை மாத்தாதீங்க. மேட்டுல இருந்து இறங்கறப்ப அடியைச் சின்னதாக்கி, முட்டியை லேசா மடக்கி, குச்சியோட இறங்குங்க. ஈர வரப்புல ஆபரேஷனுக்கு அப்புறம் பல மாசம் ஆனாலும் துணைக்கு ஆள் இல்லாம போகாதீங்க.

உடனே ஆஸ்பத்திரிக்கு

கெண்டைக்கால் திடீர்னு வீங்கி இறுகி வலிச்சா, சிவந்து சூடா இருந்தா, அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும், ரத்தக் கட்டியா இருக்கலாம். மூச்சு திணறுனா, நெஞ்சு வலிச்சா யோசிக்காம 108. காய்ச்சல் வந்தா, காயத்துல சீழோ தண்ணியோ கசிஞ்சா, சிவப்பு பரவுனா, கீழ விழுந்தா, நேத்து வரைக்கும் ஊனுன காலை இன்னைக்கு ஊனவே முடியலன்னா, அதுக்கும் ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டதான் போகணும், பக்கத்துக் கடையில மாத்திரை வாங்கி ஓட்டக் கூடாது. முட்டி லேசா சூடா இருக்கறது, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போறது, நடக்கறப்ப டிக்குனு ஒரு சத்தம், இதெல்லாம் சில மாசம், சிலருக்கு அதுக்கு மேலயும் இருக்கும், வலியும் வீக்கமும் கூடாத வரைக்கும் பயப்பட வேண்டாம்.

பிசியோவுக்கு எங்க போறது

பெரிய ஊர்ல ஆபரேஷன் பண்ணிட்டு கிராமத்துக்கு வந்துட்டா பிசியோ யாருமில்லைன்னு விட்டுருவாங்க. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலயும் பிசியோ பாக்கறாங்க. போக முடியாதவங்களுக்கு தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் அதை ஆரம்பிச்சு வெச்சாங்க, வீட்டுக்கே வந்து பிசியோ குடுக்கறதும் அதுல ஒரு பகுதி, காசு கிடையாது. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ ஊருக்கு வர்ற நர்சம்மா கிட்டயோ பேரைக் குடுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு மூணையும் ஒரே கவர்ல வெச்சிருங்க, யார் வந்தாலும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

நல்லா ஆகறதுக்கு 3 மாசத்துல பெரும்பகுதி வரும், ஆனா தொடைத் தசை முழுசா தேற 1 வருஷம் வரைக்கும் ஆகும், அதனால 3 மாசத்துல வலி போச்சுன்னு பயிற்சியை விட்டுறாதீங்க. ரிவ்யூவுக்குப் போறப்ப சேர்லயே உக்காந்து எக்ஸ்ரேவை மட்டும் நீட்டிட்டு வராதீங்க. கதவுல இருந்து டாக்டர் டேபிள் வரைக்கும் நடந்து காட்டி, முதல் வாரத்து வீடியோவையும் நேத்து எடுத்த வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டி, "என் நடையில இன்னும் என்ன கோணல் இருக்குங்க, முட்டி முழுசா நீளுதா"ன்னு கேளுங்க.